ஜெனரேற்றருக்கு என்ன எண்ணெய் ஊற்றுவது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ரொறன்ரோவிலிருந்து மகன் தொலைபேசி எடுத்தான். சுகம் விசாரித்து முடிந்ததும் விஷயத்துக்கு வந்தான்.

"அப்பா, வீட்டுக்கு ஒரு நல்ல ஜெனரேற்றர் வாங்குங்கோ. காசு நான் அனுப்புறன். அம்மாவின்ரை இன்சுலின் பிறிச்சுக்குள்ளை கிடக்குது. கரண்ட் எப்ப போகும், எப்ப வரும் எண்டு ஆருக்குத் தெரியும்? பெற்றோலோ, டீசலோ, காஸோ, எது நல்லதெண்டு மட்டும் பார்த்துச் சொல்லுங்கோ."

"பார்த்துச் சொல்லுறன் தம்பி" என்று சொல்லி வைத்தேன். அதற்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. ஒவ்வொரு முறையும் ஒரு சாட்டுச் சொல்லித் தப்பிக்கொண்டிருக்கிறேன். முப்பது வருடங்களுக்கு மேல் பௌதிகவியல் படிப்பித்த ஒருவனுக்கு இது ஒரு கேள்வியா என்று அவன் நினைக்கக்கூடும். ஆனால் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்து முடித்த என் வயதுக்காரர் எவருக்கும் இது கடையில் விலை கேட்டு முடிக்கிற கேள்வி அல்ல. அவனுக்குச் சொல்லவேண்டிய பதிலை இங்கே சற்று விரிவாகவே எழுதிவைக்கிறேன்.

மகனின் பக்கத்திலிருந்து பார்த்தால் விஷயம் எளிது. 2013 டிசம்பரில், நத்தாருக்குச் சில நாட்கள் முன்பு, ரொறன்ரோவில் பனிமழை பெய்து மரக்கிளைகளும் மின்கம்பிகளும் அறுந்து விழுந்தன. இலட்சக்கணக்கான வீடுகளுக்கு மின்சாரம் இல்லை. சில இடங்களில் ஒரு வாரத்துக்கும் மேலாக இல்லை. அவனும் பிள்ளைகளும் கம்பளிக்குள் சுருண்டு கிடந்தபோது, அதே தெருவில் ஒரு வீட்டில் மட்டும் விளக்கு எரிந்ததாம். அந்த வீட்டுக்காரர் இயற்கை வாயுவில் ஓடும் ஜெனரேற்றரை வீட்டுக்கு வெளியே நிரந்தரமாகப் பூட்டி வைத்திருந்தார். அங்கே வாயு நிலத்துக்குக் கீழே குழாயில் வருகிறது. மரம் விழுந்தாலும் அது நிற்காது. வாங்கி அடுக்கத் தேவையில்லை, ஊற்றத் தேவையில்லை, பழுதாகிப் போகும் என்ற பயமும் இல்லை. அந்த ஊருக்கு அதுதான் சரியான எரிபொருள். எங்கள் ஊரில் குழாயும் இல்லை, அந்த வாயுவும் இல்லை. எங்களுக்கு வருகிற எரிபொருள் எல்லாம் கப்பலில் வந்து, தெருவால் வந்து, கையால் தூக்கி வரவேண்டியவை. கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1990 ஜூனில் சண்டை மறுபடி மூண்டபோது குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. தெற்கே லக்சபானா நீர்மின்சாரம் வழமைபோல ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்கு மட்டும் இல்லை. இரண்டு நாளில் வரும், இரண்டு கிழமையில் வரும் என்று இருந்தோம். அந்தக் காத்திருப்பு வருடக்கணக்கில் நீண்டது. மின்சாரம் போனதோடு தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலும் வந்தது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, இரும்பு, பசளை என்று அது நீண்டது. மண்ணெண்ணெய் மட்டும் அளந்து, கொஞ்சமாக வந்தது. ரோச் லைற்றுக்குப் போடும் சின்னப் பற்றரிகூட ஒளித்துக் கொண்டுவரவேண்டிய பொருளாகிவிட்டது.

அந்த நாட்களின் கெட்டித்தனங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். சயிக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்சாரத்தில் இரவு பிபிசி தமிழோசை கேட்டோம். ஜாம் போத்தலுக்குள் சின்ன மருந்துப் போத்தலை வைத்து, அதில் துளி மண்ணெண்ணெயும் பஞ்சுத் திரியும் வைத்த சிக்கன விளக்கில் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. இன்று பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

ஆனால் ஜெனரேற்றர் கதையை அவ்வளவாக யாரும் எழுதவில்லை. அதை விளங்கிக்கொள்ள இன்னும் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

எங்கள் கோண்டாவில் பக்கம் செம்மண் பூமி. குடாநாட்டில் ஆறு இல்லை. எல்லாம் கிணற்றுத் தண்ணீர்தான். எங்கள் அப்பு காலத்தில் துலா மிதித்து இறைத்தார்கள். பிறகு மண்ணெண்ணெயில் ஓடுகிற இறைப்பு மிசின் வந்தது. அந்த மிசினை மண்ணெண்ணெயில் நேரடியாக இயக்க முடியாது. பெற்றோல் குளிரிலும் ஆவியாகும், மண்ணெண்ணெய் ஆகாது. ஆகவே ஒரு சின்னத் தாங்கியில் பெற்றோல் இருக்கும். அதில் இயக்கி, எஞ்சின் நன்றாகச் சூடேறியதும் திருகியைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். நிறுத்துவதற்கு முன் மறுபடி பெற்றோலுக்கு மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் காபரேற்றருக்குள் மண்ணெண்ணெய் தங்கி, அடுத்தநாள் கயிறு இழுத்து இழுத்தே தோள் கழன்றுவிடும். வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் கட்டிய எந்தப் பொடியனுக்கும் இது தெரியும். பாடப்புத்தகத்தில் ஆவியாதல் பற்றிப் படிப்பதற்கு முன்பே எனக்கும் தெரியும்.

1990இல் கைகொடுத்தது இந்தத் தோட்டத்து அறிவுதான். பெற்றோல் கிடைக்காது என்றானதும் மோட்டார் சைக்கிளும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெய்க்கு மாறின. கராஜ்காரர்கள் எஞ்சின் தலைக்கு அடியில் இன்னொரு காஸ்கட் போட்டு அமுக்கத்தைக் குறைத்தார்கள். எண்ணெய் போகிற குழாயைச் சூடான சைலன்சரில் சுற்றிவிட்டு, மண்ணெண்ணெய் உள்ளே போகுமுன்பே சூடாகும்படி செய்தார்கள். இயக்குவதற்குச் சில துளி பெற்றோல் போதும். அதை ஒரு சின்னப் போத்தலில் தங்கம்போல வைத்திருப்போம். புகையும் மணமும் தாங்க முடியாது. பிளக்கில் கரி படியும். எஞ்சின் ஒயிலுக்குள் மண்ணெண்ணெய் இறங்கி அதை நீர்த்துப்போகச் செய்யும். ஆனாலும் ஓடியது.

ஜெனரேற்றர்களும் அப்படித்தான் ஓடின. ஊருக்கு ஒன்றிரண்டு சின்ன ஜப்பான் ஜெனரேற்றர்கள் இருந்தன. கலியாண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வாடகைக்குப் போகும். ரி.வி., டெக், ஜெனரேற்றர் மூன்றையும் சேர்த்து வாடகைக்கு எடுத்து, முற்றத்து மணலில் பாய் விரித்து, விடியவிடிய மூன்று படம் பார்த்தவர்கள் இதை வாசிக்கிறவர்களில் பலர் இருப்பீர்கள். இரண்டாவது படத்தில் கதாநாயகி அழுகிற கட்டத்தில் ஜெனரேற்றர் இருமத் தொடங்கும். படச் சட்டம் சுருங்கி விரியும். யாராவது எழும்பிப் போய் காபரேற்றருக்குள் ரெண்டு துளி பெற்றோல் விடுவார்.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. என் மாமா 1987இல் கொழும்பில் வாங்கி வந்த பெற்றோல் ஜெனரேற்றர். அவர் குடும்பத்தோடு வெளிநாடு போகும்போது எங்களிடம் விட்டுப் போனார். நான் அதை மண்ணெண்ணெய்க்கு மாற்றி எடுத்தேன். அப்போது வீட்டில் உயர்தர மாணவர் பன்னிரண்டு பேருக்குப் பின்னேரம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஜாம் போத்தல் வெளிச்சத்தில் கரும்பலகையில் கிறுக்குகிற சுற்று வரிப்படம் பின்வரிசைக்குத் தெரியாது. கிழமைக்கு இரண்டு நாள், பாடம் கடினமாக இருக்கும் நாட்களில் மட்டும், ஒரு மணித்தியாலம் ஜெனரேற்றர் போடுவேன். மாணவர்கள் ஆளுக்கொரு சின்னப் போத்தலில் மண்ணெண்ணெய் கொண்டு வருவார்கள். இரண்டு குழல்விளக்குகள் எரியும். அந்த ஒரு மணித்தியாலத்துக்காகப் பக்கத்து ஒழுங்கையிலிருந்தும் சின்னப் பிள்ளைகள் புத்தகத்தோடு வந்து விறாந்தையில் இருப்பார்கள்.

1993 மார்கழியில் ஒருநாள் நல்ல மழை. வழமையாக ஜெனரேற்றரை வேலிக்கரையில் வைப்பேன். அன்று மழையில் நனைந்துவிடும் என்று பின் விறாந்தைக்குத் தூக்கி வைத்தேன். சாரல் அடிக்கிறது என்று மறைப்புக்கு ஒரு தகரத்தையும் சாத்திவிட்டேன். அந்த விறாந்தையை ஒட்டித்தான் அம்மாவின் அறை. அம்மாவுக்கு நெடுநாளாக முட்டு வருத்தம். மழைக்குளிர் ஆகாது என்று யன்னல்களைச் சாத்தியிருந்தோம். விறாந்தைக் கதவுக்குக் கீழே ஒரு விரல் அளவு இடைவெளி இருந்தது.

பாடம் தொடங்கி அரை மணித்தியாலம் இருக்கும். ஒரு பிள்ளை தலை இடிக்கிறது என்றாள். பசியாக்கும் என்று நினைத்தேன். அந்த நாட்களில் பசியோடு வருகிற பிள்ளைகள்தான் அதிகம். இன்னொருவன் எழும்பி வெளியே போய் சத்தி எடுத்தான். அப்போதுதான் எனக்கு ஏதோ பொறிதட்டியது. ஓடிப்போய் அம்மாவின் அறைக் கதவைத் திறந்தேன். கட்டிலில் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தா. கூப்பிட்டால் கண்ணைத் திறந்தா, பேச்சு வரவில்லை.

எரிபொருள் முழுதாக எரியாவிட்டால் காபனோரொட்சைட்டு உண்டாகும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஈமோகுளோபினோடு ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிணையும். இதைப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன் நான். மண்ணெண்ணெய் மணம் மூக்கில் பழகிப்போய், அந்த மணத்துக்குள் மணமில்லாத ஒன்று இருக்கிறது என்பதை மறந்துவிட்டேன். பெற்றோலில் ஓடவேண்டிய எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டினால் சரியாக எரியாது, இந்த வாயு கூடும் என்பதும் எனக்குத் தெரிந்ததுதான்.

எல்லாரையும் முன்முற்றத்துக்கு மழைக்குள் இறக்கினோம். அம்மாவை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக அயலில் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. அதை இயக்க அவர்களிடம் பெற்றோல் துளியும் இல்லை. எங்கள் ஜெனரேற்றருக்காக வைத்திருந்த சின்னப் போத்தலை ஓடிப்போய் எடுத்து வந்தேன். அடியில் இரண்டு விரற்கடை இருந்தது. அதை விட்டுத்தான் கார் இயங்கியது. இருட்டிலும் மழையிலும் குண்டும் குழியுமான தெருவில் அந்தப் பயணத்தை இன்னமும் கனவில் காண்கிறேன்.

அம்மா மூன்று நாளில் வீட்டுக்கு வந்தா. பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அம்மா சொன்னது இவ்வளவுதான்: "பிள்ளையள் படிக்கட்டும் எண்டுதானே மோனை போட்டனீ." குறை சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு அந்த ஜெனரேற்றரை நான் இயக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே இடம்பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, அது வீட்டின் பின்பக்கத்தில் கிடந்தது. திரும்பி வந்தபோது இருக்கவில்லை. எனக்குக் கவலையும் வரவில்லை.

நாங்கள் மண்ணெண்ணெயோடு மல்லுக்கட்டிய அதே 1990இல், பசுபிக்கில் பப்புவா நியூகினிக்குச் சொந்தமான பூகன்வில் என்ற தீவையும் அந்நாட்டு அரசாங்கம் முற்றுகையிட்டது. பங்குனா என்ற இடத்துச் செப்புச் சுரங்கத்தை எதிர்த்து அங்கே கிளர்ச்சி மூண்டிருந்தது. எரிபொருளும் மருந்தும் உள்ளே போகவில்லை. அந்த மக்கள் தேங்காய் எண்ணெய் காய்ச்சி, அதை வடிகட்டி, டீசல் வாகனங்களையும் ஜெனரேற்றர்களையும் ஓட்டினார்கள். இதைப் பற்றி 2001இல் ஓர் ஆவணப்படம் வந்தது. பல வருடங்கள் கழித்து அதைப் பார்த்தபோது நான் கதிரை நுனிக்கு வந்துவிட்டேன். தென்னை எங்களிடமும் இருந்ததே, நாங்கள் ஏன் செய்யவில்லை?

விடை எஞ்சினில் இருக்கிறது. டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. காற்றை இறுக்கி அமுக்கினால் வருகிற சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். ஆகவே தாவர எண்ணெயையும் அது ஏற்கும். 1900இல் பாரிஸ் கண்காட்சியிலேயே ஒரு டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் இருந்த சின்ன மிசின்களும் ஜெனரேற்றர்களும் பெரும்பாலும் தீப்பொறியில் ஓடுகிற பெற்றோல் இனம். அவை சூடேறிய பிறகு மண்ணெண்ணெயை ஏற்கும். தேங்காய் எண்ணெயைத் தொடாது. ஒவ்வொரு எஞ்சினுக்கும் முதல் எரிபொருள் ஒன்று, அது கிடைக்காதபோது சமாளிக்கிற இரண்டாவது எரிபொருள் ஒன்று. பூகன்விலின் இரண்டாவது எரிபொருள் மரத்தில் காய்த்தது. எங்களுடையது அளந்து கொடுக்கப்பட்டது. அன்றிலிருந்து யாராவது ஜெனரேற்றர் வாங்கப் போகிறேன் என்றால் நான் கேட்கிற முதல் கேள்வி: "உதுக்கு ரெண்டாவது எண்ணெய் என்ன?"

1996க்குப் பிறகு குடாநாட்டுக்கு மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. நாட்டின் மின்வலையோடு தொடுப்பு இல்லை. உள்ளூரிலேயே பெரிய டீசல் ஜெனரேற்றர்களில் உற்பத்தி. அதாவது எங்கள் வீடுகளில் ஜெனரேற்றர் இல்லாவிட்டாலும் குடாநாடு முழுவதும் ஒரு ஜெனரேற்றரில்தான் ஓடியது. 2002இல் ஏ-9 தெரு திறந்தபோது பெற்றோல் தாராளமாக வந்தது. 2006 ஓகஸ்டில் தெரு மறுபடி மூடியபோது வரிசைகளும் வந்தன. போர் முடிந்து சில ஆண்டுகள் சென்றே நாட்டின் மின்வலை எங்களை மறுபடி எட்டியது. இடையில் அந்த டீசல் மின்சாரத்துக்கு இன்னொரு விலையும் இருந்தது. சுன்னாகத்தைச் சுற்றிய ஊர்களில் கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் மிதக்கிறது, மணக்கிறது என்று சனம் முறையிடத் தொடங்கி, 2014, 2015 அளவில் அது பெரிய பிரச்சினையாக வெளியே வந்தது. கிணறு ஒன்றையே நம்பிய ஊருக்கு அதைவிட வேறு கெடுதி வேண்டாம். வீட்டில் டீசல் கானைக் கிணற்றடியில் வைப்பவர்களுக்கு இதை நான் எப்போதும் ஞாபகப்படுத்துவேன்.

2019 மார்ச், ஏப்ரலில் வறட்சியால் மின்வெட்டு வந்தது. அப்போதுதான் மனைவிக்கு இன்சுலின் தொடங்கியிருந்தார்கள். மகன் காசு அனுப்ப, ஒரு பெரிய பெற்றோல் ஜெனரேற்றர் வாங்கினேன். வீடு முழுவதும், கிணற்று மோட்டாரும் சேர்த்து ஓடும். 1993ஐ மறக்காமல், அதை வீட்டிலிருந்து நன்றாக விலக்கிக் கிணற்றடிக்கு அப்பால் ஒரு கொட்டில் போட்டு வைத்தேன். எல்லாம் சரியாகச் செய்துவிட்டேன் என்ற நினைப்பு.

பிறகு 2022 வந்தது. இந்த முறை தெரு திறந்திருந்தது, சண்டை இல்லை. நாட்டிடம் டொலர் இல்லை. மார்ச் 31ஆம் திகதி நாடு முழுவதும் 13 மணித்தியால மின்வெட்டு. அந்த மாதமே எரிபொருள் நிலையங்களில் கானில் பெற்றோல், டீசல் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். பதுக்கலைத் தடுக்க வேண்டும் என்பது காரணம். அதில் நியாயமும் இருந்தது. ஆனால் ஜெனரேற்றரை வரிசைக்கு உருட்டிக்கொண்டு போகமுடியுமா? என்னுடையது ஒரு மணித்தியாலத்துக்கு இரண்டு லீற்றர் குடிக்கும். பெற்றோல் கிடைத்த ஒரே வழி என் பழைய மோட்டார் சைக்கிள்தான். அதில் வரிசையில் நின்று அடித்து வந்து, வீட்டில் ரியூப் போட்டு உறிஞ்சி எடுத்து ஜெனரேற்றருக்கு ஊற்றினேன். ஜூலையில் கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். அதாவது என் ஜெனரேற்றருக்கு இரண்டு மணித்தியாலம். 2021 டிசம்பரில் 177 ரூபாயாக இருந்த பெற்றோல் ஒரு லீற்றர், 2022 ஜூன் கடைசியில் 470 ரூபாய்.

இரண்டாவது எண்ணெய் என்று நான் பெருமையாகக் கேட்கிற கேள்வி அந்த வருடம் என்னையே திருப்பிக் கேட்டது. மண்ணெண்ணெயா? கடற்றொழிலாளர்களே படகுக்கு இல்லாமல் வரிசையில் கிடந்தார்கள். ஓகஸ்டில் 87 ரூபாயிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாய்க்கு ஏறியது. காஸா? சமைக்கவே சிலிண்டர் இல்லை. அதற்கு முந்திய நவம்பர், டிசம்பரில் காஸ் வெடிப்புகள் என்று நாடே பயந்து போயிருந்தது. டீசலா? அதற்கும் பவுசர் வரவில்லை. முதலாவதும் இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே கப்பலில் வருகிறவையாக இருந்தால், அவை எல்லாம் சேர்ந்து ஒரே எரிபொருள்தான் என்பதை 70 வயதுக்குக் கிட்ட வந்துதான் விளங்கிக்கொண்டேன்.

அந்த நாட்களில் மனைவி ஒரு வேலை செய்தா. சொல்லாமல் கொள்ளாமல் சந்தையில் ஒரு புது மண்முட்டி வாங்கி வந்து, பெரிய சட்டியில் ஈர மணல் போட்டு அதற்குள் முட்டியை வைத்து, இன்சுலின் குப்பிகளை ஒரு மூடிய டப்பாவுக்குள் போட்டு உள்ளே இறக்கினா. நீர் ஆவியாகும்போது முட்டி குளிரும். பிறிச்சுக்கு ஈடாகாது, ஆனால் அறைச் சூட்டைவிடச் சில பாகை குறையும். பாவனையில் உள்ள குப்பிக்கு அது போதும். பௌதிகவியல் வாத்தியார் கொட்டிலில் ரியூப்பை வாயில் வைத்துப் பெற்றோல் உறிஞ்சிக்கொண்டிருந்தபோது பௌதிகவியலைச் சரியாகப் பாவித்தது அவதான். 2023இல் அந்தப் பெரிய ஜெனரேற்றரை ஒலிபெருக்கிச் சேவைக்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டேன்.

இனி மகனுக்கான பதில்.

தம்பி, டீசல் வேண்டாம். டீசல் எஞ்சின் நெடுநேரம் ஓட உகந்தது, எண்ணெய் குறைவாகக் குடிக்கும், பெற்றோல்போல இலகுவில் தீப்பற்றாது. வைத்தியசாலைக்கும் மில்லுக்கும் அதுதான் சரி. ஆனால் பாரம், சத்தம். எங்கள் இரண்டு பேருக்கும் விளக்கும் விசிறியும் பிறிச்சும் ஓடவேண்டிய அளவுக்கு அது மிகை. வீட்டில் டீசலுக்கு வேறு பாவனையும் இல்லை.

காஸ் நல்லது. சுத்தமாக எரியும், எவ்வளவு காலம் வைத்தாலும் பழுதாகாது, காபரேற்றரில் பிசின் கட்டாது. ஆனால் அதை அடுப்போடு பங்குபோட வேண்டும். கரண்ட் இல்லாத கிழமையில் சோறா வெளிச்சமா என்று அம்மாவைத் தெரிவுசெய்யச் சொல்ல நான் தயாரில்லை. மண்ணெண்ணெய் பற்றி என்னோடு கதைக்கவே வேண்டாம்.

பெற்றோல்தான் எடுக்கப் போகிறேன், ஆனால் சின்னது. இரண்டு கிலோவாற்றுக்கு மேற்படாத ஒன்று. பெற்றோல் சில மாதங்களில் பழசாகிவிடும் என்பது அதன் பெரிய குறை. எங்கள் வீட்டில் அது பழசாகாது, ஏனென்றால் அதே பெற்றோல் என் மோட்டார் சைக்கிளில் தினமும் ஓடுகிறது. கானில் உள்ளதை மாதத்துக்கொரு முறை சைக்கிளுக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்புவேன். அவசரத்துக்கென்று தனியாக ஒதுக்கி வைத்த பொருள் அவசரத்தில் வேலை செய்யாது. தினமும் கைபட்டுப் புழங்குகிற பொருள்தான் கைகொடுக்கும். இது ஜெனரேற்றருக்கு மட்டுமல்ல, உப்புக்கும் நெல்லுக்கும் எங்கள் ஆச்சிமார் கடைப்பிடித்த ஒழுங்கு.

ஆனால் அது இரண்டாவது ஆள்தான். முதல் ஆள் கூரையில் இருக்கட்டும். உன் நண்பன் வீட்டில் பூட்டியிருப்பதுபோல வலையோடு மட்டும் இணைந்த சூரியத்தகடு எனக்கு வேண்டாம். தெருவில் கரண்ட் போனால் கம்பியில் வேலை செய்கிறவருக்கு ஆபத்து வராமலிருக்க அதுவும் தானாக நின்றுவிடும். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டபோது இதைக் கண்ணால் பார்த்தோம். நல்ல மத்தியான வெயில், கூரை நிறையத் தகடு, உள்ளே விசிறி சுற்றவில்லை. இலங்கையை ஒரு குரங்கு இருட்டாக்கியது இரண்டாம் முறை என்று பக்கத்து வீட்டு அண்ணை பகிடி விட்டார். ஆகவே பற்றரியோடு சேர்ந்த, வலை இல்லாமலும் தனித்து நிற்கக்கூடிய சின்ன ஏற்பாடு ஒன்று. பிறிச், நாலு விளக்கு, ஒரு விசிறி, அவ்வளவுதான். கிணற்று மோட்டாருக்கு அது போதாது. மாரியில் நாலு நாள் வெயில் இல்லாவிட்டாலும் போதாது. அப்போது பெற்றோல் ஜெனரேற்றர் வந்து தாங்கியை நிரப்பி, பற்றரியையும் ஏற்றிவிட்டு நிற்கும். ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம். நாலு லீற்றர் ஒரு கிழமைக்கு இழுபடும். சூரியன் கப்பலில் வருவதில்லை. அதனால் இவை இரண்டும் உண்மையாகவே இரண்டு வழிகள்.

காசு அனுப்புவதோடு இன்னொன்றும் அனுப்பு. உங்கள் ஒன்ராறியோவில் வீடுகளில் கட்டாயம் பூட்டவேண்டும் என்கிறார்களே, காபனோரொட்சைட்டு வந்தால் கத்துகிற அந்தச் சின்னக் கருவி. அந்தப் பனிமழைக் காலத்தில் உங்கள் பக்கத்திலும் உள்ளே கரி மூட்டியும் ஜெனரேற்றரை ஓட்டியும் செத்தவர்கள் இருந்தார்கள் என்று நீதான் சொன்னாய். இரண்டு அனுப்பு. ஒன்றை அம்மாவின் கட்டிலுக்கு மேலே பூட்டுவேன். மற்றதை யாருக்குக் கொடுப்பது என்று பிறகு யோசிப்போம். ஜெனரேற்றர் வாங்குகிற எல்லாரும் எண்ணெயைப் பற்றித்தான் கேட்கிறார்கள், புகை எங்கே போகும் என்று கேட்பதில்லை.

நேற்றுக் கொட்டிலுக்கு இடம் அளந்தேன். மனைவியின் அறை யன்னலிலிருந்து கிணற்றடிக்கு அப்பால் முப்பத்தொரு அடி எடுத்துவைத்தேன். மாரிக் காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும்போதும் புகை வேலிக்கு வெளியே வெறுங்காணிக்குத்தான் போகும். மழைக்கு நனையாமல் மேலே கூரை உண்டு. நாலு பக்கமும் திறந்தே இருக்கும். எவ்வளவு மழை பெய்தாலும் அது வீட்டுப் பக்கம் வராது.

திரும்பி வந்து குசினிக்குள் சாமான் ஒதுக்கத் தொடங்கினேன். பழைய மண்முட்டியைத் தூக்கி வெளியே வைக்கப்போனபோது மனைவி கண்டுவிட்டா.

"இஞ்சாருங்கோ, அதை வைக்கிற இடத்திலை வையுங்கோ. உங்கடை மிசின் வரட்டும், அது பாட்டுக்கு இருக்கட்டும்."

இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.